மாப்பிள்ளைக்கு ஏற்ற டியூப்

"இன்னா நைனா, லாரி இல்லாம லாரி டியூபு கேக்கறே?"

சோழவரம் ஏரிக்கரையில் பஞ்சர் கடை வைத்திருந்த பாக்கியநாதன் உரக்கச் சிரித்தார். முனிகிருஷ்ணன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். நல்லவேளை, தெரிந்த முகம் எதுவும் இல்லை.

"மெதுவாப் பேசுண்ணே. நீச்சல் கத்துக்கணும். பொங்கலுக்குள்ள."

"நீ பழவேற்காட்டு மாப்பிள்ளையாச்சே! மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக் குடுக்கணுமா?"

"நான் மீன் குஞ்சு இல்லண்ணே, கருவாடு."

உண்மைதான். அவனுடைய தாத்தா காலத்திலேயே படகை விற்றுவிட்டு ஆர்.கே.பேட்டைப் பக்கம் கருவாடு விற்கப் போன குடும்பம் அது. அந்த வறண்ட பூமியில் வளர்ந்தவனுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே பயம். இப்போது கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் வேலை, சோழவரத்தில் குடித்தனம். செல்லியம்மாளைக் கைப்பிடித்தது ஆவணியில்.

அவள் பிறந்த பழவேற்காட்டு மீனவக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் காணும் பொங்கலன்று புது மாப்பிள்ளையை மச்சான்மார்கள் படகில் ஏற்றி, பழவேற்காடு ஏரியின் ஆழமான இடத்தில் தள்ளிவிடுவார்கள். அவன் நீந்திக் கரையேற வேண்டும். கரையில் பெண்டாட்டி தலை துவட்டிவிடுவாள். 'எனக்கு நீச்சல் தெரியாது' என்றால் யாரும் கொன்றுவிட மாட்டார்கள், சிரிப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் அண்ணன்மார் எதிரில் செல்லி தலைகுனிந்து நிற்பதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று குழம்பு ஊற்றும்போது அவள் பேச்சுவாக்கில், "ஏரியில பசங்கோ லாரி டியூபைப் போட்டுகினு என்னமா மெதக்குதுங்க!" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த யோசனைக்கு வந்தான். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

"அந்தப் பெரிசு குடுண்ணே" என்று சுவரோரம் சாய்ந்திருந்த டியூபைக் காட்டினான்.

"அது டிராக்டர் டியூபு. ஓட்டையில பூந்து நேரா அடியில போயிடுவே."

"அப்ப இது?"

"காரு டியூபு. கழுத்துல மாலையாப் போட்டுக்கத்தான் ஆவும்." பாக்கியநாதன் உள்ளே போய் வேறொரு டியூபை எடுத்துவந்தார். "இதான் உனக்கு. அக்குள்ல சரியா நிக்கும்."

கழுவித் துடைத்து, பவுடர் தடவி, பிசுபிசுப்பே இல்லாமல் இருந்தது. வால்வைச் சுற்றிச் சிவப்புக் கரை போட்ட துணி ஒன்று பத்திரமாகக் கட்டியிருந்தது.

"இது இன்னாத்துக்கு?"

"வால்வு இரும்பாச்சே, நெஞ்சைக் கீறிடும். அதான் துணி சுத்திக்கீது. அவுத்துடாதே."

அளவெடுத்துத் தைத்த சட்டை போல் டியூப் கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணாலேயே அளவெடுக்கிற மனுஷன் என்று முனிகிருஷ்ணன் வியந்தான்.

"வெயில்ல காத்தை முழுசா அடிக்காதே, வெடிச்சிடும். ஆணியில மாட்டாதே. மண்ணெண்ணெ பட்டா ரப்பரு இளகிடும். நெழல்ல காய வெச்சு பவுடர் போடு."

"ஊட்டுக்கு எடுத்துகினு போவ முடியாதுண்ணே. செல்லிக்குத் தெரிஞ்சா மானம் பூடும்."

"இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார் பாக்கியநாதன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் 'ஓவர்டைம்' என்று சொல்லிவிட்டு ஏரிக்கு வந்தான். மூக்கில் தண்ணீர் ஏறியது, கண் சிவந்தது, கொஞ்சம் ஏரியைக் குடிக்கவும் செய்தான். விட்டுவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் செல்லியின் முகம் நினைவுக்கு வரும். மறுபடி காலை உதைப்பான். ஈரத் தலையைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அங்கே மிளகு ரசம் கொதித்துக்கொண்டிருக்கும். ஞாயிறானால் ஏன் ரசம் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கிருந்த பசியில் கேட்கத் தோன்றவில்லை.

பாக்கியநாதன் வாராவாரம் டியூபில் காற்றைக் குறைத்துக்கொண்டே வந்தார். மார்கழிக் கடைசியில் ஒருநாள், "இன்னிக்கு டியூபுல பொட்டுக் காத்து இல்ல நைனா. நீயேதான் மெதந்தே" என்றார். முனிகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

காணும் பொங்கலன்று மச்சான்மார்கள் கூச்சல் போட்டு அவனைப் படகிலிருந்து தள்ளினார்கள். ஒரு கணம் பழைய பயம் வந்தது. பிறகு கைகள் தாமாக வீசத் தொடங்கின. குப்பமே கரையில் நின்று விசிலடித்தது. மூச்சு வாங்க, சேற்றில் கால் பதித்து எழுந்தான்.

"இன்னாமா நீந்தறான்! நம்ம ரத்தம் எங்க போவும்?" என்று பெரிய மச்சான் முதுகில் தட்டினான். செல்லியம்மாள் நிமிர்ந்து நின்றாள். அந்த முகத்துக்காக இன்னும் நாலு ஏரியைக் குடித்திருக்கலாம் என்று அவனுக்குப் பட்டது.

இந்த நாளுக்கென்றே பெட்டியில் மடித்து வைத்திருந்த தாய்வீட்டுத் துண்டை அவன் தலையில் போட்டுத் துவட்டினாள். துண்டின் ஒரு முனை அவன் கண்ணெதிரே ஆடியது. அதில் சிவப்புக் கரை இருந்தது. மறு முனையைப் பார்த்தான். அங்கே கரை இல்லை. கிழித்து, ஓரம் மடித்துக் கையால் தைத்திருந்தது.

அவன் மெல்ல நிமிர்ந்தான்.

"தலையைக் குனி" என்று அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள் செல்லியம்மாள். "கண்ணாலத்தன்னிக்குக் கோயில் குளத்துல கால் கழுவும்போதே படியை உடாம புடிச்சிகினு நின்னியே, அப்பவே தெரியும்யா. ஆமா, வால்வு நெஞ்சைக் கீறலியே?"