ஐந்து கேள்விகள்

அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மகளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டார்கள்.

பந்தயச் சாலையின் வளைவில் நான்கு சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மகள் இசக்கியின் தலைதான் மீடியன் கல்லில் மோதியது. அந்தச் சத்தம் சாலைக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கே கேட்டது.

ஹெல்மெட் பின்பக்கம் பிளந்து கிடந்தது.

முழங்காலில் ரத்தம். எல்லோரும் அதைத்தான் துடைத்தார்கள்.

பந்தய டாக்டர் ஒரு தாளோடு வந்தார்.

இது எந்த ஊர்? இன்று என்ன கிழமை? மொத்தம் எத்தனை சுற்று? இப்போது எத்தனையாவது? போன பந்தயம் எங்கே நடந்தது?

மகள் ஐந்துக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள்.

சொல்லாமல் என்ன செய்வாள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு வாரம் முன்பே கோச் எல்லாப் பிள்ளைகளையும் இதை மனப்பாடம் செய்யவைத்துவிடுவார். தலையில் அடிபட்டு விழுந்தால் நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைத்தான் கேட்பார்கள், திணறினால் வெளியே உட்காரவைத்துவிடுவார்கள். எத்தனையாவது சுற்று என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லித்தர முடியாது. அதைப் பிள்ளையைத் தூக்கும்போதே காதில் போட்டிருப்பார்.

பெற்றவள் மட்டும் என்ன யோக்கியம். மகளுக்குத் தலைவாரிவிடும்போது ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்பிக்கவைத்தவள்தானே. மாநில அணி, அப்புறம் விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலை. அந்த ஆசை. இப்போது நினைத்தால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"ஏத்துங்க பிள்ளைய. ரெண்டு சுத்துதான் பாக்கி" என்றார் கோச்.

வேறு ஹெல்மெட் மாட்டினார்கள். சைக்கிளில் ஏற்றி, தள்ளிவிடுவதற்காகச் சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இசக்கி சிரித்துக்கொண்டிருந்தாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை.

அத்தனை பேர் நடுவில் கோச்சை அடிக்கச் செருப்பைக் கழற்றலாமா என்று பெற்றவளுக்கு வந்தது. கழற்றவில்லை. ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்தாள்.

"ஏட்டி, காலையில என்ன தின்ன?"

மகள் அவளைப் பார்க்கவில்லை. கோச்சைப் பார்த்தாள்.

கோச்சின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது.

"இட்லிம்மா" என்றாள் மகள், சட்டென்று.

காலையில் வேனில் வைத்து இரண்டு வாழைப்பழம். உரித்துக் கொடுத்தது இவள். வேறு எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள் பிள்ளை.

அவள் குனிந்தாள். முன்சக்கரத்தின் வால்வைத் திருகி அழுத்தினாள். கோச் என்னவோ கத்தினார். காற்று முழுக்க இறங்குகிறவரை விரலை எடுக்கவில்லை.

பிறகு பின்சக்கரத்துக்குப் போனாள்.