நீல டிக்

கம்ப்யூட்டர் கையேடுகளில் பிழை திருத்துவது என் வேலை. நினைவகத்தில் எது முன்னால் நடக்கும், எது பின்னால் நடக்கும் என்று சொல்லும் பக்கம் அன்றைக்கு வந்திருந்தது. ‘அடையாளம் தெரிந்தால் தகவலும் போய்ச் சேர்ந்துவிட்டது’ என்றிருந்தது. ‘அப்படி நம்பக் கூடாது’ என்று திருத்தினேன்.

“ஒத்த வரிக்கு ஒரு மணி நேரமுங்களா மாமா?” என்றான் மச்சினன் அறிவு. அவன் அக்கா சௌந்தர்யாவின் வருசத் திதிக்காக நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்திருந்தான்.

“முன்னே பின்னே மாறுனா மொத்தமும் பொய்யாயிரும், அறிவு.”

அவன் என் போனைப் பார்த்தான். “அக்கா மெசேஜெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களா?”

“கடைசியப் பாரு. கோவிச்சுக்கிட்டு உங்க ஊட்டுக்கு வந்தவளுக்கு, ‘தப்பு என்னுதுதான், வந்துரு சாமி’ன்னு அனுப்புனேன். நீல டிக் உழுந்துருச்சு. படிச்சுட்டுத்தான் ஸ்கூட்டிய எடுத்திருக்கா. லாரி அடிக்கறப்ப எங்கிட்டத்தான் வந்துட்டு இருந்திருக்கா. அந்த டிக்கப் பாத்துப் பாத்துத்தான் ஒரு வருசம் உசுரோட இருக்கேன்.”

அறிவு போனை மெல்லக் கீழே வைத்தான்.

“அதத் தொறந்தது நானுங்க மாமா.”

“என்னடா சொல்ற?”

“அக்கா போயிருச்சுன்னு டாக்டர் சொன்னப்புறம், உங்களக் கூப்பிடத்தான் அக்கா போனத் தொறந்தேன். உங்க மெசேஜ் படிக்காமக் கெடந்துச்சு. அதப் படிச்சதும் உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, ஒரு மணி நேரம் கையிலயே வெச்சிருந்துட்டு அப்புறந்தான் உங்களக் கூப்பிட்டேனுங்க.”

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். ‘அப்படி நம்பக் கூடாது’ என்பதை அழித்துவிட்டு, அந்த வரியை ‘அடையாளம் தெரிந்தால் தகவலும் போய்ச் சேர்ந்துவிட்டது’ என்று பழையபடியே ஆக்கினேன்.