பச்சை யானைக்கு மரியாதை

உலகத்தில் பொம்மையிடம் ஏமாறாத ஒரே ஜீவன் கேமராமேன்தான். மேசைக்கடியில் சுருண்டு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் கேமராமேனான தம்பி இதைத் தீர்ப்பாகவே சொல்கிறான். அக்காவுக்கு இன்று சோதனைப் படப்பிடிப்பு. அவள் கையில் மாட்டியிருக்கும் பொம்மை யானைக்கு உயிர் வந்தால்தான் வேலை கிடைக்கும். "டைரக்டர் யானைக்குக் கழித்தல் சொல்லிக்குடுக்குறாரு பாருக்கா! வெறும் பஞ்சு அது!" "நீ ஃபோகஸைப் பாருடா." பதிவு ஓடுகிறது. விளக்கு வெளிச்சத்தில் பச்சை யானை ஐந்து பொத்தான்களில் இரண்டைத் தள்ளிவிட்டு, மீதியைத் தும்பிக்கையால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறது. சட்டென்று நின்று லென்ஸை நிமிர்ந்து பார்க்கிறது. "அண்ணே, மூணுதானே?" தம்பி கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, யானையின் கண்ணைப் பார்த்து மெல்லச் சொல்கிறான்: "மூணேதான். கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க, காதுல நிழல் விழுது."