ஓரத்தில் வெட்டு

"பை தினமும் கசியுது, சிஸ்டர். தோலெல்லாம் புண்ணு, எரிச்சல் தாங்கல," என்றார் பஸ் ஓட்டுநர், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளிடம். "மலம் போக வயித்துல வச்ச துவாரத்தைச் சுத்தி ஹெர்னியா வேற புடைச்சுக்கிட்டு நிக்குது. ஸ்டியரிங்கைத் தொட்டு நாலு மாசமாச்சு."

"புடைப்பு மேல பையோட தட்டையான ஒட்டு எப்படிப் படியும்? ஓரத்துல மட்டும் சுத்திச் சின்னச் சின்ன வெட்டு விடுங்க. துவாரத்தை அளந்து, ஒட்டுல அதுக்குச் சரியா ஓட்டை போடுங்க. படுத்துக்கிட்டே ஒட்டுங்க," என்றாள் அவள்.

மறுமாதம் யூனிஃபார்மில் வந்து நின்றார். "ஒரு சொட்டுகூடக் கசியல! புண்ணும் ஆறிடுச்சு. இன்னிக்கு முழு ட்ரிப் ஓட்டிட்டேன், சிஸ்டர்!"

"சிஸ்டர் உள்ளே இருக்காங்கண்ணே. நான் தையல்காரி. கழுத்து வளைவுக்கு வெட்டு விடுற மாதிரி என் பை ஒட்டுலயும் விட்டுப் பார்த்தேன். இப்ப சிஸ்டரே எல்லாரையும் என்கிட்ட அனுப்புறாங்க!"

தன் வயிற்றில் ஒட்டியிருந்த பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள்.