பரமேஸ்வரனின் நிதானம்

மூன்றாவது வேட்டுக்குப் பிறகு ஜெயராஜின் புதுத் துப்பாக்கி சிக்கிக்கொண்டது.

வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழாமல் பாதியிலேயே நின்றுவிட்டது. அவன் இழுத்தான், உதறினான், கெட்ட வார்த்தை சொன்னான். கூடு அசையவில்லை.

அடிபட்ட காட்டுப்பன்றி செம்பனை மரங்களுக்குள் ஓடி மறைந்திருந்தது.

அடிபட்டது திரும்பி வந்து பாயும் என்று பரமேஸ்வரனுக்குத் தெரியும். போன வருடம் பக்கத்து ஊர் ஜெஞ்சாரோமில் அப்படிக் குத்துப்பட்ட ஒருவருக்குத் தொடையில் பதினேழு தையல்.

காலையில் லோரியில் வரும்போது ஜெயராஜ் வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டு வந்தான். அவனுடையது செமி-ஆட்டோ. விசையை அழுத்த அழுத்த ஐந்து வேட்டுப் போகும். பரமேஸ்வரனுடையது அவர் அப்பா வாங்கிய இரட்டைக்குழல். குழலுக்கு ஒரு விசை, ஒரு வேட்டு; மொத்தம் இரண்டே. பிறகு மடக்கித் திறந்து, புதுத் தோட்டா போட வேண்டும். அதற்குள் பன்றி கிள்ளான் போய்ச் சேர்ந்துவிடும் என்று சிரித்தான்.

இப்போது இருவருக்கும் சேர்த்து அந்த இரண்டு வேட்டுதான் இருந்தது.

இருபதடி தூரத்தில் புதர் அசைந்தது.

“அண்ணே, அங்க பாருங்க! வருது லா! அடிங்கண்ணே!”

பரமேஸ்வரன் துப்பாக்கியைத் தோளில் பதித்தார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பக்கத்தில் ஜெயராஜ் தன் துப்பாக்கியைப் பனைமரத்தில் மடார் மடாரென்று தட்டிக்கொண்டிருந்தான்.

இலைகளுக்கு நடுவே தாழ்வாக, கறுப்பாக ஏதோ நகர்ந்தது.

இன்னும் கிட்டே வந்தது.

பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. வளையல் போட்ட கை.

மாரியாயி. பரமேஸ்வரனின் நாலு ஏக்கரில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிறவள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார். மழைக்கு முன் பொறுக்கிவிடலாமென்று வந்திருக்கிறாள். வேட்டுச் சத்தத்தில் தரையோடு படுத்தவள், குரல் எழும்பாமல் தவழ்ந்தே வந்திருக்கிறாள். தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியெல்லாம் சேறு.

அடிபட்ட பன்றி அதற்கு முன்பே வாய்க்காலோரம் செத்துக் கிடந்தது.

ஜெயராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னுது மட்டும் சிக்காம இருந்திருந்தா மிச்ச ரெண்டையும் விட்டிருப்பேண்ணே. நீங்கதான் நிதானமா பாத்து நின்னீங்க.”

மாரியாயி பரமேஸ்வரனின் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கால்களை விடுவித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

சற்று நேரத்தில் ஜெயராஜ் மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினான். புதுசு வேண்டவே வேண்டாம், விற்றுவிடப் போகிறேன், பழசுதான் மனிதனை யோசிக்க வைக்கிறது என்றான். அண்ணன் என்று சொல்லும்போதெல்லாம் அவன் குரல் உடைந்தது.

பரமேஸ்வரன் லோரிக்குப் பின்னால் போனார். யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்த பிறகு துப்பாக்கியை மடக்கித் திறந்தார்.

தோட்டாக்கள் இரண்டும் வெடிக்காமல் முழுசாக அவர் உள்ளங்கையில் விழுந்தன.

இரண்டின் அடியிலும், சரியாக நடுவில், துப்பாக்கியின் ஊசி குத்திய சின்னப் பள்ளம் இருந்தது.

முதலாவது வெடிக்கவில்லை என்றதும், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், அவர் இரண்டாவது விசையையும் அழுத்தியிருந்தார்.