பிள்ளை பிடிக்கும் மாதம்

மே மாத வெயிலில் பிரம்மதேசம் கிராமத்தின் சிமெண்டுத் தெரு கொதிக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியை அமலா, விடுமுறையிலும் பள்ளியில் சேர்க்கப் பிள்ளை பிடிக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கும் பாஞ்சாலியிடம் நோட்டீசை நீட்டி, மனப்பாடமான பேச்சைத் தொடங்குகிறாள். "காலையிலயே வந்து சொல்லிட்டுப் போனீங்களே டீச்சர், மோர் கூட குடிச்சீங்க" என்கிறாள் பாஞ்சாலி. அமலா குனிந்து பார்க்கிறாள். முறத்தின் பக்கத்தில் அதே நோட்டீஸ் கிடக்கிறது, அதன்மேல் கடலைத் தோல் குவிந்திருக்கிறது. அவளுக்கு இந்த முகம் நினைவில்லை, குடித்த மோரும் நினைவில்லை. "லீவுலயும் இப்படி அலைஞ்சிக்கினு கெடக்கணுமா? செத்த உக்காருங்க." அமலா உட்காருகிறாள். கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. வாய் மட்டும், "வேன் வசதி இருக்குதுங்க, ஸ்மார்ட் கிளாஸ் இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே போகிறது.