ஒன்றுகூடச் சரியில்லை

"மொதல்ல தண்ணியக் குடிங்க தம்பி."

விசாரணைக்கு வந்த அதிகாரியம்மாள் தம்ளரை நகர்த்தி வைத்தாள். ஆபரேட்டர் எடுத்துக் குடித்தான். பாதித் தண்ணீர் சட்டையில்தான் போயிற்று.

ஆலையின் முதலுதவி அறை அது. மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் ஓட்டும் கலவை டிரம் மூச்சுப் பேச்சில்லாமல் நின்றது. அந்த டிரம்முக்குள் இறங்கிக் கழுவுகிறவன் ஒத்தநாடி. பேருக்கேற்ற ஆள், ஊதினால் பறந்துவிடுவான். அவன் உள்ளே இருக்கும்போதே இவன் சுவிட்சைப் போட்டுவிட்டான். இப்போது ஒத்தநாடி ஒரு கால் இல்லாமல், கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

சுவிட்சின் மேல் ஓர் அட்டை தொங்கியது. உள்ளே ஆள் இருக்கிறது, போடாதே என்று ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தது. ஒத்தநாடி மறதிக்காரன், வெளியே வந்த பிறகும் அதைக் கழற்ற மாட்டான். பாதி நாள் அது சும்மாவேதான் அங்கே ஆடிக்கொண்டிருக்கும்.

இன்றைக்குக் கேள்வி ஒன்றுதான். ஆபரேட்டருக்கு அந்த அட்டையைப் படிக்கத் தெரியுமா? தெரியாதென்றால், புரியாத பாஷையில் அட்டை மாட்டிய கம்பெனியின் தலையில் விடியும். தெரியுமென்றால் அவன் கம்பி எண்ண வேண்டியதுதான்.

காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி மனைவி சொல்லியிருந்தாள்: "எது கேட்டாலும் தெரியாதுன்னு ஒரே புடியா நில்லுங்க. புள்ளைக்கு அப்பன் வேணும்."

"இவனுக்கு இங்கிலீஷ் நல்லாவே தெரியும் மேடம்," என்றான் மூலையில் நின்ற சூப்பர்வைசர். "மகளுக்கு வீட்டுப்பாடமே இவன்தான் சொல்லிக் குடுக்கிறானாம்."

"கூட்டல் கணக்கு மட்டுந்தான் மேடம். கழித்தலுக்குப் போனா, என் மக என்னையே கழிச்சுக் கட்டிடுவா."

அதிகாரியம்மாள் சிரித்தாள்.

அவள் பையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்தாள். "இந்த வேலைக்கு வர்றதுக்கு முந்தி நான் வாத்தியாரம்மா. பேச்சுல எல்லாரும் பிரேக்குங்கறாங்க, வெயிட்டுங்கறாங்க. அதை வச்சுப் படிக்கத் தெரியும்னு சொல்லிட முடியாது. ஆனா சத்தம் ஒண்ணாவும் எழுத்து வேறயாவும் சில வார்த்தைங்க இருக்கு. காது அதைப் பிரிக்காது, கண்ணுதான் பிரிக்கும். ஜோடி ஜோடியா வைக்கிறேன். கேக்கறதை எடுங்க."

"எனக்குத் தெரியாதே மேடம்."

"தெரியலேன்னா தோணுறதை எடுங்க. சும்மா மட்டும் இருக்கக் கூடாது."

மேசையில் இரண்டு அட்டைகள் விழுந்தன.

"ரெண்டும் பிரேக். ஒண்ணு மிஷினை நிறுத்தறது, இன்னொண்ணு உடையறது. நிறுத்தறது எது?"

ஒத்தநாடியின் அலறல் காதுக்குள் கேட்டது. அவன் கை இடது அட்டைக்குப் போய், சுட்டது போலத் திரும்பி, வலது அட்டையை எடுத்தது.

"தப்பு. அடுத்தது. ரெண்டும் வெயிட். ஒண்ணு எடை, இன்னொண்ணு பொறுங்கறது. பொறு எது?"

விபத்து நடந்த அன்றைக்கு வாசலில் லோடு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. பொறு என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றை எடுத்தான்.

"தப்பு. ரெண்டும் ஸ்டீல். ஒண்ணு எஃகு, இன்னொண்ணு திருடறது. எஃகு எது?"

அதுவும் தப்பு.

"வேணும்னே நடிக்கிறான் மேடம்!"

"சூப்பர்வைசர், உங்களுக்கும் ரெண்டு அட்டை வைக்கட்டுமா?"

சூப்பர்வைசர் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

ஹோல் என்று முழுசும் ஓட்டையும் வந்தன. ஃப்ளவர் என்று மாவும் பூவும் வந்தன. சீ என்று கடலும் பார்ப்பதும் வந்தன. ஒவ்வொரு தடவையும் ஆபரேட்டருக்கு உயிர் போய் வந்தது. ஒன்று, ஒரே ஒன்று, கை தவறிச் சரியாக விழுந்துவிட்டாலும் குடும்பம் தெருவில் நிற்கும். வியர்வையில் அட்டைகள் விரலோடு ஒட்டின.

"பத்தாவது. இதோட முடிஞ்சுது. ரெண்டும் சன். ஒண்ணு சூரியன், இன்னொண்ணு மகன். மகன் எது?"

ஒத்தநாடி அவன் அம்மாவுக்கு ஒரே மகன். ஆபரேட்டர் ஓர் அட்டையை எடுத்தான்.

"தப்பு."

அவள் அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டாள். "பத்துல ஒண்ணுகூடச் சரியில்லை."

அவன் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டது. ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு நுனியில் மனைவி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

"நான்தான் அப்பவே சொன்னேனே மேடம். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான்." அவன் எழுந்தான். சூப்பர்வைசரின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"உக்காருங்க தம்பி," என்றாள் அதிகாரியம்மாள், குரலை உயர்த்தாமல். "தெரியாதவன் கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாக்கூட நாலஞ்சு சரியா விழும். பத்தையும் தப்பா எடுக்கணும்னா, பத்தும் தெரிஞ்சிருக்கணும்."